‘டக்’கென்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி: பழைய ஸ்கூட்டரில் செல்ஃப் ரிலே பார்ப்பதும் மாற்றுவதும்

2008-இல் வாங்கிய கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று இன்னும் என் வீட்டு வாசலில் நிற்கிறது. அதற்கு இதுவரை மூன்று முறை செல்ஃப் ரிலே (பட்டனை அழுத்தினால் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்ன டப்பா) மாற்றியிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் ரிலே மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒரு தடவை பேட்டரி டெர்மினலின் திருகு லூஸ். இன்னொரு தடவை பிரேக் சுவிட்ச். ரிலே விலை சில நூறு ரூபாய்தான், அதனால் ‘மாற்றித்தான் பார்ப்போமே’ என்று கை முதலில் அதற்குத்தான் போகிறது. பத்து நிமிடம் மல்டிமீட்டரைப் பிடித்திருந்தால் அந்தக் காசு மிச்சமாகியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்யவேண்டும் என்பதைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன்.

ரிலே எங்கே இருக்கிறது என்று தேடவேண்டாம். பேட்டரி பாசிட்டிவிலிருந்து கிளம்பும் கெட்டியான சிவப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். அது முதலில் போய் நிற்கும் இடம்தான் ரிலே. ரப்பர் உறைக்குள் சின்னதாக ஒரு கறுப்பு டப்பா, அதில் நட் போட்ட இரண்டு கெட்டி ஒயர்கள், கூடவே மெல்லிய ஒயர்கள் போகும் ஒரு கனெக்டர். கெட்டி ஒயரில் ஒன்று பேட்டரியிலிருந்து வருவது, மற்றது செல்ஃப் மோட்டாருக்குப் போவது. பல வண்டிகளில் மெயின் ஃபியூஸும் இதே டப்பாவின் தலையில்தான் உட்கார்ந்திருக்கும்.

உள்ளே நடப்பது எளிது. பட்டனை அழுத்தினால் மெல்லிய ஒயர் வழியாக ஒரு காயிலுக்கு, அதாவது கம்பிச் சுருளுக்கு, மின்சாரம் போகும். அந்தக் காயில் காந்தமாகி, ஒரு செம்புத் தகட்டை இழுத்து இரண்டு கெட்டி முனைகளுக்கும் குறுக்கே வைக்கும். ‘டக்’ என்று கேட்பது அந்தத் தகடு போய் மோதும் சத்தம். காயில் எடுப்பது ஏறக்குறைய 3 ஆம்பியர். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுப்பது பல பத்து ஆம்பியர். ஹேண்டில்பார் சுவிட்சால் அவ்வளவையும் தாங்கமுடியாது என்பதால்தான் நடுவில் இந்த ஆள்.

தேவையான சாமான்: 10 எம்எம் ஸ்பேனர், ஸ்குரு டிரைவர், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், பிரேக்கையும் பட்டனையும் பிடித்து அழுத்த ஒரு ஆள். எங்கள் வீட்டில் அந்த வேலை அம்மாவுக்கு. மீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்து மோட்டார் லைனில் மட்டும் செருகிவிடாதீர்கள், அதன் 10 ஆம்பியர் ஃபியூஸ் அந்த நிமிடமே போய்விடும். நமக்கு வோல்ட்டும் ஓம்ஸும் போதும்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சோதனையின்போது இன்ஜின் பிடித்துவிட்டால் பின்சக்கரம் சுற்றும், பக்கத்தில் கையோ துணியோ இருக்கக்கூடாது. மோதிரம், கைக்கடிகாரம் போட்டிருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள்.

பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை

முதலில் ஹார்ன் அடித்துப் பாருங்கள். ஹார்னும் இல்லை, இண்டிகேட்டரும் இல்லை என்றால் ஃபியூஸ், பேட்டரி டெர்மினல், சாவி சுவிட்ச் இவற்றைப் பார்க்கவேண்டும். ஃபியூஸை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாலே உள்ளே கம்பி அறுந்திருப்பது தெரியும். 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 20 போடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடுத்து எரியப்போவது ஒயர்.

ஹார்ன் நன்றாக அடிக்கிறது, செல்ஃப் மட்டும் மூச்சுவிடவில்லை என்றால், பின்னால் போய் பிரேக் விளக்கைப் பாருங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும் அல்லவா? பிரேக் விளக்கை எரியவைக்கும் அதே சுவிட்சின் வழியாகத்தான் பல வண்டிகளில் ரிலே காயிலுக்கும் மின்சாரம் வருகிறது. இடது பிரேக்குக்கு ஒரு சுவிட்ச், வலதுக்கு ஒன்று. இடதைப் பிடித்தால் விளக்கு எரியவில்லை, வலதைப் பிடித்தால் எரிகிறது என்றால் வேறு சோதனையே வேண்டாம். வலதைப் பிடித்துக்கொண்டே பட்டனை அழுத்துங்கள். செல்ஃப் எடுத்தால் குற்றவாளி இடது சுவிட்ச். என் இரண்டாவது ரிலே வீணாய்ப் போனது இப்படித்தான். கடைக்காரர் புது ரிலே மாட்டும்போது லிவர் பக்கம் கை பட்டதில் சுவிட்ச் தற்செயலாக உட்கார்ந்துகொண்டது, வண்டி பிடித்தது, ரிலேதான் காரணம் என்று இருவருமே நம்பிவிட்டோம். நான்கு நாள் கழித்து மறுபடியும் அதே மௌனம்.

பிரேக் விளக்கும் எரிகிறது என்றால் ரிலேவுக்கு வருவோம். மெல்லிய ஒயர் கனெக்டரைக் கழற்றி, அதற்குள் இருக்கும் காயில் முனைகள் இரண்டிலும் மீட்டரை வையுங்கள். மீட்டர் 20 வோல்ட் டிசி நிலையில் இருக்கட்டும். சாவி ஆன், பிரேக் பிடித்தாயிற்று, பட்டனை அழுத்தியாயிற்று: இப்போது 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டவேண்டும். காட்டவில்லை என்றால் ரிலே நிரபராதி. ஹேண்டில்பார் பட்டனுக்குள் தூசி, கனெக்டரில் பச்சைப் பாசி, எலி கடித்த ஒயர் என்று மேலே தேடிப் போங்கள். ஹோண்டா வண்டிகளிலும் ஹீரோ ஹோண்டா காலத்து வண்டிகளிலும் வெறும் பச்சை ஒயர்தான் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. அது தெரிந்தால் தேடுவது கொஞ்சம் சுலபம்.

12 வோல்ட் வருகிறது, திரும்ப மாட்டினால் ‘டக்’ இல்லை என்றால் காயில் சந்தேகம். மீட்டரை ஓம்ஸில் வைத்து ரிலேவின் இரண்டு சின்ன முனைகளிலும் பாருங்கள். பெரும்பாலும் 3 முதல் 5 ஓம்ஸ் காட்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்துவிட்டது, மாற்றவேண்டியதுதான்.

ஒரே ஒரு ‘டக்’, மோட்டார் சுற்றவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

‘செல்ஃப் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறதா பாருங்கள்’ என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். நம் பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் மேக்னெட்டோவிலிருந்து (இன்ஜினோடு சுற்றி மின்சாரம் உண்டாக்கும் பாகம்) நேராக வரும் ஏசியில் எரிவது. இன்ஜின் ஓடாமல் அது எரியவே எரியாது. எனவே அந்தச் சோதனைக்கும் பிரேக் விளக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

‘டக்’ வரும் அதே நொடியில் பிரேக் விளக்கு மங்கிப் போனால், மோட்டார் கேட்கிறது, பேட்டரியால் கொடுக்கமுடியவில்லை என்று பொருள். அல்லது மோட்டாரோ இன்ஜினோ இறுகிப்போயிருக்கலாம். கிக்கரை உதைத்தால் இன்ஜின் வழக்கம்போல் சுற்றுகிறதா என்று பார்த்தால் அதில் பாதி தெளிந்துவிடும். விளக்கு கொஞ்சமும் மங்காமல் பளிச்சென்று நின்றால், மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை. ரிலேவின் தகடு தேய்ந்திருக்கவேண்டும் அல்லது மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் (சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்திருக்கவேண்டும்.

இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரே ஒரு அளவு போதும். ரிலேவின் இரண்டு கெட்டி நட்டுகளின் மேலும் மீட்டரின் இரண்டு கம்பிகளை வையுங்கள். பட்டனை அழுத்துமுன் பேட்டரியின் முழு வோல்ட்டும் காட்டும். ரிலே திறந்திருக்கிறது, மறுபக்கம் மோட்டார் வழியாக எர்த்துக்குப் போகிறது, அதனால்தான். இங்கேயே பூஜ்யமோ, அலைபாயும் எண்ணோ காட்டினால் மோட்டார் பக்கம் எங்கோ அறுந்திருக்கிறது. பிரஷ் தேய்ந்திருக்கலாம், மோட்டார் ஒயர் கழன்றிருக்கலாம். ரிலேவைத் தொடவேண்டாம்.

முழு வோல்ட் காட்டியதா? இப்போது பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். நல்ல ரிலே என்றால் மீட்டர் சட்டென்று விழுந்து 0.1, 0.2 என்று நிற்கும். ‘டக்’ கேட்டும் 12 வோல்ட்டிலேயே அசையாமல் நின்றால் தகடு முனைகளைத் தொடவே இல்லை. 1 வோல்ட், 2 வோல்ட் என்று நடுவில் நின்றால் தொடுகிறது, ஆனால் கரிந்த மேற்பரப்பின் வழியாகத் தொடுகிறது. கடைசி இரண்டில் எதுவாக இருந்தாலும் தயங்காமல் ரிலேவை மாற்றுங்கள். என் மூன்றாவது ரிலேயில் 2.4 காட்டியது. 12-இல் 2.4 என்றால் மோட்டாருக்குப் போகவேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு அந்தச் சின்ன டப்பாவுக்குள்ளேயே சூடாகப் போய்க்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தால் கை சுட்டது.

மீட்டர் விழுந்துவிட்டது, மோட்டார் மட்டும் சுற்றவில்லையா? பட்டனை அழுத்தியபடியே மோட்டார் பக்கத்து நட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் இருந்தும் அசைவில்லை என்றால் மோட்டார் அல்லது எர்த். எர்த்தைப் பார்க்க, மீட்டரின் ஒரு கம்பியை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்துப் பட்டனை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் நட்டைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, திரும்ப இறுக்கவேண்டியதுதான் வேலை.

ஸ்பேனர் பிடியால் ரிலேவை இரண்டு தட்டு தட்டினால் எடுக்கிறது என்பார்கள். எடுக்கும். தட்டும்போது தகடு கொஞ்சம் திரும்பி, கரியாத இடத்தில் போய் உட்காரும். வீடு போய்ச் சேர அது போதும், ஒரு மாதம் ஓட்ட அல்ல. அப்புறம் அந்த இரண்டு நட்டையும் ஸ்குரு டிரைவரால் குறுக்கே தொட்டுப் பார்ப்பது. பட்டறைகளில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறார்கள். தீப்பொறி தெறிக்கும், ஸ்குரு டிரைவர் முனை உருகும், பக்கத்தில் பேட்டரி வாயுவோ பெட்ரோல் கசிவோ இருந்தால் நிலைமை வேறு. மீட்டர் சொல்வதற்கு மேல் அது ஒன்றும் சொல்லிவிடாது.

‘டகடகடகடக’ என்று அடித்துக்கொள்கிறது

இந்தச் சத்தத்தைக் கேட்டவுடன் ‘ரிலே போச்சு’ என்று சொல்லாத ஆளை நான் பார்த்ததில்லை. உண்மையில் ரிலே அப்போதுதான் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கிறது. காயில் தகட்டை இழுக்கிறது, மோட்டார் இழுக்கத் தொடங்கியதும் பேட்டரி வோல்ட் சரிகிறது, சரிந்ததும் காயிலுக்குப் பலம் போய்த் தகட்டை விடுகிறது, விட்டதும் சுமை போய் வோல்ட் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. ஒரு நொடிக்குப் பல முறை இதே கதை.

ஆகவே இங்கே பார்க்கவேண்டியது பேட்டரி. ராத்திரி முழுவதும் வண்டி சும்மா நின்ற பிறகு 12.6-க்கு மேல் இருந்தால் நல்ல சார்ஜ். 12.4 பரவாயில்லை. 12.0 என்றால் பாட்டரியில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை, ஹார்ன் அடிப்பதை வைத்து ஏமாறவேண்டாம். செல்ஃப் அழுத்தும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் சார்ஜ் போட்டுப் பாருங்கள், அதற்குப் பிறகும் விழுந்தால் பேட்டரியை மாற்றுங்கள்.

அளக்கும்போது மீட்டர் கம்பியை ஒயர் முனையில் வைக்காமல் பேட்டரியின் ஈய முனையிலேயே வைக்கவேண்டும். ஈயத்தில் 11.8, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஒயர் முனையில் 7 என்று வந்தால் பழி டெர்மினல் மேல். என் முதல் ரிலே கதை இதுதான். நெகட்டிவ் திருகை விரலாலேயே சுற்றமுடிந்தது. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப் போயிருந்தது. வெந்நீரில் கொஞ்சம் சமையல் சோடா கலந்து பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் பூத்தது பொங்கிக்கொண்டு கரையும். துடைத்து, காயவைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின். அவ்வளவுதான் வைத்தியம்.

சத்தம் வர வரப் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே ஒரு தீப்பொறி. நல்ல ரிலேவைக் கெட்ட ரிலேவாக மாற்றும் வழி அது. அடுத்துச் சொல்லப்போகும் வம்பும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

பட்டனை விட்டும் மோட்டார் நிற்கவில்லை

பயப்படவேண்டிய ஒரே அறிகுறி இதுதான். உடனே சாவியை ஆஃப் செய்யுங்கள். நின்றுவிட்டால் பட்டன் உள்ளே சிக்கியிருக்கிறது, ரிலே அல்ல. சாவியை ஆஃப் செய்தும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தால் தகடு முனையோடு பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொண்டது. கெட்டி ஒயர் சாவி வழியாக வருவதில்லை, பேட்டரியிலிருந்து நேராக வருகிறது. அதனால் சாவியால் அதை நிறுத்தமுடியாது.

நெகட்டிவ் ஒயரைக் கழற்றவேண்டும், அதுவும் சீக்கிரம். செல்ஃப் மோட்டார் சில நொடி ஓடுவதற்காகச் செய்தது. விட்டால் ஒயர் உறை உருகத் தொடங்கும். பேட்டரி மூடிக்குத் திருகு போட்டிருந்து கைக்கு உடனே எட்டாவிட்டால் ரிலேவை ஓங்கி ஒரு தட்டு தட்டுங்கள், ஒட்டு விட்டுப்போகலாம். விட்டுப்போனாலும் அந்த ரிலேவுக்கு அன்றோடு ஓய்வு. இதில் யோசனையே வேண்டாம்.

காலையில் எடுக்கிறது, மதியம் எடுக்கவில்லை

சூடானால் செம்புக் கம்பியின் மின்தடை ஏறும், ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் என்ற கணக்கில். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டி, இன்ஜின் சூடும் சேர்ந்து 40 டிகிரி கூடினால் காயிலின் தடை 16 சதவீதம் ஏறிவிடும். காயிலில் ஓடும் மின்சாரம் குறைந்து, இழுக்கும் பலமும் குறையும். பேட்டரி நல்லபடியாக இருந்தால் இது தெரியவே தெரியாது. 12.2-இல் முனகிக்கொண்டிருக்கும் பேட்டரியில்தான் மதியம் தெரியவரும். எனவே இங்கேயும் பேட்டரிதான் முதல் சந்தேகம், அதன்பிறகு மேலே சொன்ன நட்டுக்கு நட்டு அளவு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் தகராறு வேறு மாதிரி. அது பெரும்பாலும் கனெக்டருக்குள் புகுந்த தண்ணீர். வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாள் வருவதும் அதே. கழற்றி, ஊதிக் காயவைத்து மாட்டுங்கள்.

மோட்டார் ‘வீ…’ என்று சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் சுற்றவில்லை என்றால் அது பற்சக்கரம் அல்லது ஒன்வே (ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் கிளட்ச்) பக்கத்து வேலை. ரிலேக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, ரிலேதான் என்று உறுதியாகிவிட்டது

பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், கனெக்டரில் ஒன்றுக்கு இரண்டு முனை, இன்னொன்றுக்கு நான்கு. சிலவற்றில் மெல்லிய ஒயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அவை தன் உலோக உடம்பு வழியாக எர்த் எடுத்துக்கொள்பவை, பிளாஸ்டிக்கில் மாட்டினால் வேலை செய்யாது.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், அடுத்துதான் மற்றது. பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்து அது சேசிஸில் இடித்தால் வரும் வெளிச்சத்தை ஒருமுறை பார்த்தவர்கள் இந்த வரிசையை மறக்கமாட்டார்கள். கெட்டி ஒயர் இரண்டையும் கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி ஒயருக்கு ‘பி’, மோட்டாருக்கு ‘எம்’ என்று அநேகமாக டப்பாவிலேயே அச்சாகியிருக்கும். ஃபியூஸ் ரிலேயிலேயே இருக்கும் வகையில் இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டால், வண்டிக்கே மின்சாரம் போகவேண்டிய வழி மோட்டார் பக்கம் போய்விடும், சாவி போட்டால் ஹார்ன்கூட அடிக்காது.

ஒயர் முனைகளை உப்புத்தாளில் செம்பு மின்னும்வரை தேய்த்துவிட்டு மாட்டுங்கள். நட் இறுகினால் போதும். பலம் காட்டினால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் வெடித்து போல்ட்டோடு கையில் வந்துவிடும். ரப்பர் உறையை மறக்காமல் மூடி, கடைசியில் நெகட்டிவை மாட்டுங்கள். அதன்பிறகு மறுபடி நட்டுக்கு நட்டு வைத்துப் பார்த்து 0.2-க்குள் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். வண்டி பிடித்ததும் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கி பேட்டரியில் அளந்தால் 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் நிற்கவேண்டும். அதற்குக் கீழே என்றால் சார்ஜிங் பக்கத்தில் குறை இருக்கிறது, புது ரிலேவும் சீக்கிரமே ‘டகடக’ பாடத் தொடங்கும்.

பழைய மாருதி 800, ஆம்னி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் கனத்த தகடு மோட்டாரின் முதுகிலேயே சோலனாய்டாக (ரிலேவைப் போலவே காயிலும் தகடும் உள்ள பாகம்) இருக்கிறது. ‘டக்’ சோதனையும் நட்டுக்கு நட்டு அளவும் அங்கே அதன்மேல் செய்யவேண்டும். சாவி சுவிட்ச் தேய்ந்து சோலனாய்டுக்கு வோல்ட் குறைவாகப் போகும் வண்டிகளில், நடுவில் ஒரு சாதாரண சதுர ரிலேவை எலக்ட்ரீஷியன்கள் சேர்ப்பது உண்டு. அதில் 85, 86 என்று போட்டிருப்பது காயில், 30-க்கு ஃபியூஸ் வழியாக பேட்டரி ஒயர், 87-இலிருந்து சோலனாய்டுக்கு. பழைய சாவி ஒயர் சோலனாய்டுக்குப் போவதற்குப் பதிலாக 86-க்கு வரும், 85 எர்த்.

மூன்றாவது ரிலேவை மாற்றக் கடைக்குக் கிளம்பியபோது அம்மாதான் கேட்டார்: “அந்தப் பழசு ரெண்டும் டப்பாவுல கிடக்கே, அது என்னாச்சு?” எடுத்து மேசையில் வைத்தேன். காயில் இரண்டிலும் 4 ஓம்ஸுக்குப் பக்கம். பேட்டரியை இறக்கி சின்ன முனைகளில் 12 வோல்ட் கொடுத்தால் இரண்டுமே சுத்தமாக ‘டக்’. கெட்டி முனைகள் வழியாக 35 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை எரியவிட்டுப் பார்த்தேன், முழு வெளிச்சம். இரண்டாவதாகக் கழற்றியதை வண்டியில் மாட்டி மோட்டாரோடு அளந்ததில் 0.1. கரிந்ததை ரம்பத்தால் அறுத்துத் திறந்தேன். செம்புத் தகட்டின் ஒரு ஓரத்தில் கடுகளவுக் குழிகள் ஏழெட்டு, சுற்றிலும் கறுப்பு. வண்டியோடு வந்த முதல் ரிலே இப்போது பாலித்தீன் பைக்குள், சீட்டுக்கடியில், 10 எம்எம் ஸ்பேனரோடு இருக்கிறது.